சுமத்தல் என்னும் வினை

பாசல் நகரில் லிஃப்ட் இல்லாத வீடு.
சலவை இயந்திரம். மேல்படியில் பெகிம், கீழ்ப்படியில் நான்.
பாரம் எப்போதும் கீழே நிற்பவனுக்குத்தான்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
வழியை அடைத்து உட்கார்ந்திருந்தாள் ஒரு பள்ளிக்காரி.
நாளைக்குப் பரீட்சையாம்,
சுவரைப் பார்த்து ஒப்பிக்கிறாள்:
ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்ட்.

பட்டையைத் தோளிலிருந்து இறக்கி
மூச்சு வாங்கும் சாக்கில் கேட்டேன்: என்ன மொழி?
லத்தீன்.
என்ன அர்த்தம்?
இயந்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:
"சுமக்கிறேன்."

ஒழுங்கில்லாத வினையாம்.
நீ சுமக்கிறாய், அவன் சுமக்கிறான் என்னும்போது
நடுவில் நிற்கவேண்டிய ஓர் எழுத்து உதிர்ந்துவிடுமாம்.
அந்த எழுத்துக்குத் தமிழில் உயிர் என்று பெயர்.
ஜெர்மனில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஏவல் இன்னும் மோசம். ஃபெர்! அவ்வளவுதான்.
விகுதியும் இல்லை, தயவும் இல்லை.
தூக்கு, பிடி, திருப்பு, வை:
எங்கள் முதலாளிக்கும் இதே இலக்கணம்.

இறந்தகாலம்?
துலி, என்றாள். சுமந்தேன்.
இதில் ஃபெர் எங்கே?
இல்லை. இது வேறொரு வேர்,
பழையதற்கு இதுதான் வரும்.
துலாவா, என்றது என் காது.

எனக்கும் அப்படித்தான்.
ஓர் இரவு, இடுப்பளவு ஆறு,
முதுகில் காய்ச்சலோடு தம்பி.
அன்று சுமந்தவன்
இந்தப் பட்டையைக் கட்டியவன் இல்லை.
சம்பளச் சீட்டில் மட்டும் ஒரே பெயர்.

சுமக்கப்பட்டவனுக்கு இன்னொரு வடிவம்: லாட்டுஸ்.
முதல் வடிவத்தின் சாயலே கிடையாது.
தம்பி இப்போது டூலூசில் டாக்சி ஓட்டுகிறான்.
ஆறா, எந்த ஆறு, என்கிறான்.

"ஃபெர்!" மேலிருந்து பெகிம் கத்தினான்.
பாடம் முதலில் ஏறியது அவனுக்கு.

பட்டையை மாட்டினேன்.
ஃபெரிமுஸ், என்று அவள் தொடர்ந்தாள். சுமக்கிறோம்.
உதிர்ந்த உயிர் இதில் திரும்பி வந்திருந்தது.
நாங்களா, நாமா? கேட்டேன்.
கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

படியில் இழுபட்ட தண்ணீர்க் குழாயைத்
தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு
புத்தகத்தை அக்குளில் இடுக்கி
எங்களோடு ஏறத் தொடங்கினாள்.
குழாயில் தங்கியிருந்த யாரோ ஒருவரின்
பழைய சோப்புத் தண்ணீர்
அவள் வினை வாய்பாட்டின்மேல் சொட்டிக்கொண்டே வந்தது.