நாற்பத்தைந்து நாள் லீவு

பதிமூன்று வருஷக் கல்யாணம்.
சேர்ந்திருந்தது, கூட்டிப் பார்த்தால்,
இருநூற்று எண்பத்தைந்து நாள்.
மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
யாராவது பார்த்தால் பால் கணக்கு.

இந்த முறை பிப்ரவரி பன்னிரண்டு வந்தார்.
மார்ச் இருபத்தெட்டு தம்மாம் டிக்கெட்.
விமானமே இனிப் பறக்காது என்று
செய்தி வந்த ராத்திரி
கட்டி வைத்த அட்டைப்பெட்டியைச்
சுற்றிச் சுற்றி வந்தார்.
நார்த்தங்காய் ஊறுகாய், மாசிப் பொடி,
ரூமில் யாரோ கேட்டிருந்த முருங்கை விதை.
மேலே பெரிய எழுத்தில்
செ.மு. நைனா முகம்மது, தம்மாம்.
கயிற்றை அறுக்கட்டுமா என்றேன்.
இரு, ரெண்டு வாரந்தானே என்றார்.

கச்சான் காற்று தொடங்கியபோது
நானே அறுத்தேன்.
ஊறுகாயைக் கீழக்கரையிலேயே தின்றோம்.

லீவில் வரும் மாப்பிள்ளைக்கு
என் விளமீன் ஆணம் உயிர்.
நூற்று இருபதாம் நாள் சொன்னார்:
புளி கூட. எப்பவுமே கூட.
அப்படியானால் இத்தனை வருஷம்
தட்டை வழித்து நக்கியது யார்?
குறட்டையும் எனக்குப் புதுசு.
முன்பெல்லாம் தூங்கவா வந்தார்?

சண்டை போட்டோம்.
இன்றைக்கு விட்ட இடத்திலிருந்து
நாளைக்குத் தொடர நேரம் இருந்தது.
அப்படி ஒரு செல்வம்
எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

சாயங்காலம் ஜெட்டிப் பாலத்தில்
சபராளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்,
கேட் எண் அறிவிக்கப் போகிறார்கள் என்பதுபோல.
முகக்கவசம் தாடையில்.
பேச்செல்லாம் இக்காமா, ரீ என்ட்ரி,
இந்த மாசமும் நீட்டித் தருவானா.

தடை முப்பத்தொன்று வரை நீட்டிப்பு.
டிவியின் அடியில் ஓடும் எழுத்தை
அவர் நின்றுகொண்டே வாசிப்பார்.
நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்,
முகத்தை எங்கே வைப்பது?
சம்பளம் நின்று ஐந்து மாசம்,
வளையல் இரண்டும் கூட்டுறவு வங்கியில்.
உள்ளே ஒருத்தி மட்டும்
விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்:
நூற்று எழுபது, நூற்று எழுபத்தொன்று.

ஆகஸ்டில் அடுத்த வீட்டு ராவியாவின் மாப்பிள்ளை
ரியாத்தில் மவுத்து.
ஆறு நாள் காய்ச்சல்.
போனில்தான் பார்த்தோம்,
வெள்ளை உடுப்புக்குள் நாலு பேர்,
முகம் தெரியவில்லை, மணல் தெரிந்தது.
கையைப் பிடித்துக்கொண்டு ராவியா சொன்னாள்,
உன் மச்சான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு.
அவ்வளவுதான் சொன்னாள்.
அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை.

இருநூற்று எண்பத்தாறாம் நாள் மழை.
மூத்தவன் ஆன்லைன் வகுப்புக்குச்
சிக்னல் தேடி மாடிப்படியில் குடையோடு.
இடியாப்பமும் கறியும் வைத்தேன்.
என்ன விசேஷம் என்றார்.
ஒன்றுமில்லை, கறி கிடைத்தது என்றேன்.

பிறகு வழி திறந்தது, கோணலாக.
இந்தியாவிலிருந்து நேரே போக முடியாது,
வேறொரு நாட்டில் பதினான்கு நாள் கிடந்துவிட்டுப்
போகலாமாம்.
ராமநாதபுரத்து ஏஜென்ட் மாலத்தீவு என்றான்.
சங்கிலியை வைத்தோம்.
கடற்கரைக்காரன் கடல் பார்க்கப்
பணம் கட்டுறான் பார் என்று சிரித்தார்,
மூக்கில் குச்சி விட்ட எரிச்சல் தீராமல்.

அவர் இருந்தது நானூற்று ஒன்பது நாள்.
நோட்டில் நானூற்று எட்டுதான் இருக்கும்.

அங்கிருந்து வீடியோவில் காட்டினார்,
நீலத் தண்ணீர், தேனிலவு ஜோடி ஒன்று,
சுவரோரம் வரிசையாக நம் ஆட்களின் பெட்டிகள்.
அப்பா தீவுக்கிட்ட இருக்கிற அதே தண்ணிதான், என்றார்,
இதுக்கு வாடகை.

பதிமூன்றாம் நாள் ராத்திரி
படம் நின்று நின்று வந்தது.
ஆணத்துல புளியைக் குறைச்சியா என்று
கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

குறைத்துத்தான் வைக்கிறேன்.
பிள்ளைகள்
சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.