பூஜ்யம் ஜூல்

சிக்லாப்பில் கடலைப் பார்த்த கொண்டோ.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
வாசலில் நான்.
மறுசுழற்சித் தொட்டியில் கிடந்தது
உயர்நிலை மூன்றின் இயற்பியல் புத்தகம்.
முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர்: கிளாரிஸா இங்.
எந்த வீடென்று தெரியும். கொடுக்கப் போனால்
வேண்டாமென்றுதானே போட்டேன் என்பாள்.
வைத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயம் மீட்டர், கிலோ, விநாடி.
விநாடியைப் பற்றி என்னிடம் கேட்கவேண்டும்.
விடியற்காலை மூன்று மணியின் விநாடி
மற்ற விநாடிகளைவிட நீளம்.
புத்தகம் ஒப்புக்கொள்ளவில்லை.

தலைப்பு ‘வேலை’ என்று இருந்ததால்
ஆறாவதுக்குத் தாவினேன்.
விசையைத் தொலைவால் பெருக்கு என்றது.
நகராவிட்டால்
வேலை பூஜ்யம்.
திரும்பப் படித்தேன்.
பன்னிரண்டு மணி நேரம் நின்றவளுக்கு
பூஜ்யம் ஜூல்.
நல்லவேளை, மேலாளர் டெஸ்மண்ட்
இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

மூடி வைத்துவிட்டு
காவலறைச் சுவரை இரண்டு கையாலும் தள்ளினேன்.
கேமராவில் பதிந்திருக்கும், பதியட்டும்.
சுவர் அசையவில்லை.
கழுத்தெல்லாம் வியர்வை.
மறுபடி திறந்தால்
ஓரத்தில் அந்தப் பெண்ணின் பென்சில்:
அப்படியானால் ஏன் களைப்பு???
மூன்று கேள்விக்குறி.
பதில் எழுதியிருக்கிறதா என்று
கடைசி அட்டை வரை புரட்டினேன். இல்லை.

பழைய தமிழில் வேலை என்றால் கடலாம்,
வானொலியில் யாரோ சொன்னது.
பூங்காவுக்கு அப்பால் அது
ஓரடி முன்னே வந்து ஓரடி பின்னே போய்
இரவெல்லாம் என்னைப் போலவே
எங்கும் போய்ச் சேராமல்.

செவ்வாயன்று லிஃப்ட் கெட்டது.
திருவாட்டி ஹமீதாவுக்கு முழங்கால் வலி.
அவருடைய அரிசி மூட்டையை
ஐந்தாம் மாடிக்கு நான் தூக்கிப்போனேன்.
இறங்கி வந்து மூச்சு அடங்குமுன்னே
வருகையாளர் பதிவேட்டின் பின்னட்டையில் கணக்கு:
பத்துக் கிலோ,
பூமி இழுப்பதற்கு இன்னொரு பத்து,
உயரம், பன்னிரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்.
ஆயிரத்து இருநூறு ஜூல்!
ஐம்பத்தொரு வயதில்
என் பெயரில் முதல் ஜூல்கள்.

காலையில் பணி மாற்ற வந்த ஜுரைடாவிடம் காட்டினேன்.
தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே பார்த்தாள்.
“மூட்டை தானாகவா நடந்து போனது?
நீ எங்கே இதில்?”

நான் எங்கே.
அறுபத்திரண்டு கிலோவை
கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் கூட்டினேன்.
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தேன்,
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சுவருக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.
இன்றிரவு பென்சிலைச் சீவி
அந்த மூன்று கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
நாலாவதைப் போட்டேன்.