மூடி

அம்பகாமக் காணியை இன்று கையளித்தோம்.
கச்சேரியிலிருந்து இருவர் வந்து படம் எடுத்தார்கள்.
தலைக்கவசத்தைக் கழற்றி, எண் சொல்லி ஒப்படைத்தேன்:
நாற்பத்தொன்று.
கழுத்து பாரமில்லாமல் ஒருகணம் ஆடியது.

"இப்ப என்ன செய்வம்?" என்றாள் கொன்சலிற்றா.
"பிரண்டி" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

குடித்ததில்லை என்றில்லை.
மகன் பிறந்த மறுநாள் மாமி தந்தா,
காயச்சரக்கோடு ஒரு கரண்டி, கண்ணை மூடச் சொல்லி.
மருந்தாகக் குடித்தது கணக்கில் வராது.
அது ஆர் வாங்கிய போத்தல் என்றுகூடத் தெரியாது.

மாங்குளத்தில் பார்.
பெண்களுக்கு விற்பதில்லை என்று பலகை,
மண்டையோடு போட்ட எங்கள் பலகைபோலவே சிவப்பு.
ஓட்டோ நகுலேஸ் உள்ளே போனான்.
நாங்கள் எதிரே, பஞ்சர் ஒட்டும் கடை நிழலில்,
போனைப் பார்த்தபடி.

முதல் படம்: தட்டு முழுக்கத் தங்க எழுத்து,
மான்கொம்பு, ஒரு ராசாவின் தாடி.
"எது அக்கா?"
"இடப்பக்கம் மூன்றாவது. வெளிச்சத்துக்குப் பிடி."
தேயிலைச் சாயம்போல் கறுப்பு.
கறுப்பெண்டால் பழசாம், எழுதினான் தெரிந்தவன்போல.
சீனியைக் கருக்கினாலும் கறுப்பு வரும். வேண்டாம்.
அடுத்ததன் முத்திரை கோணல்.
அதற்கடுத்தது வெளிநாடு; விலையைப் பார்த்துக்
கொன்சலிற்றா சிலுவை போட்டாள்.
"குனிஞ்சு பார். அடித்தட்டில், தூசியோட,
ஒருத்தரும் கேளாதது இருக்கோ?"
"ஒண்டு இருக்கு. பெட்டியில்லை."
"கவிழ்த்துப் பார். மண்டி?"
"இல்லை."
"கழுத்தைத் துடைச்சுப் படம் எடு."
ஸ்ரிக்கர் கிழியவில்லை. லேபிளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
உள்ளே, முற்றிய பாலைப்பழ நிறம்.
"கடைக்காரன் சிரிக்கிறான் அக்கா,
இவ்வளவு பார்க்கிறது பொம்பிளையோ எண்டு."
"பொம்பிளைதான் எண்டு சொல்லு. பில் வாங்கு."

அவசரப்படாமல் பார்ப்பதற்குத்தான்
ஒன்பது வருசம் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

ஒலுமடுவில் அவள் வீட்டு முற்றம். இரண்டு பிளாஸ்ரிக் கதிரை.
மூடியில் கை வைத்தேன். திருகவில்லை.
காட்டுக்குள் எத்தனை மூடி எடுத்திருப்பேன்!
கருவி கத்தும். முழங்காலில் இருந்து
விரல் விரலாக மண் சுரண்டி,
இருபது நிமிசம், முப்பது நிமிசம்,
முகக்கண்ணாடிக்குள் வியர்வை ஊற,
கடைசியில் ஒரு மூடி.
சாராயமோ சோடாவோ,
எந்தப் பக்கத்து எவன் குடித்தானோ,
எந்த இரவுக்கு முந்தின இரவோ.
வாளியில் போட்டுவிட்டு அடுத்த சாணுக்கு நகர்வோம்.
ஒருநாள் மட்டும் ஒன்றை மோந்து பார்த்தேன்.
துரு.

திருகினேன். கிரக்.
இரண்டு சில்வர் பேணி.
கொன்சலிற்றா சோடா கலந்தாள்; அது அவள் பாடு.
நான் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன்.
முதலில் முந்திரிகை வற்றல்.
பிறகு அடிப்பிடித்த பனங்கட்டி.
அதற்கும் பின்னால் ஏதோ மரம்.
ஓக் என்று லேபிளின் மிச்சம் சொன்னது, நான் கண்டதில்லை.
முதிரை தெரியும். மழை நனைத்த முதிரைப் பலகை என்றே வைத்துக்கொண்டேன்.
வாயில் சுட்டது.
பிறகு, நெஞ்சுக்குழிவரை அது இறங்குவதை
வெள்ளைத்தடி நட்ட பாதையில்போல
அடியடியாகப் பின்தொடர முடிந்தது.

"எப்பிடியடி?"
"இன்னும் கொஞ்சம் இனிச்சிருக்கலாம்.
ஆனா மருந்தில்லை."

மூன்றாம் ஊற்றலில் அவளுக்குப் படக்காட்சி வந்துவிட்டது.
"இனி மூடவே மாட்டம்!" என்று
மூடியை வேலிக்கு அப்பால் எறியக் கை ஓங்கினாள்.
நான் பாய்ந்து பிடித்ததில் கதிரை சரிந்தது.
"விசரி! ஒருத்தி முழங்காலில இருப்பாளடி,
அரை மணித்தியாலம், இதுக்காக."
விழுந்த இடத்திலேயே இருந்து சிரித்தோம்,
கண்ணில் தண்ணி வரும்வரை,
வந்த பிறகும்.

அரைவாசிக்கு மேல் மிச்சம்.
இறுக்கி மூடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.
போன் மினுங்கியது. நகுலேஸ்:
"அக்கா, அந்தச் சாமான் எப்பிடி?
ஒரு சொட்டு எனக்கும் இருக்கோ?"