பின் அச்சு

நாரின் நகரில், நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால்,
ரோதியோன் பட்டறையில்
எங்கள் வண்டி கட்டைகளின் மேல் நிற்கிறது.
‘எங்கள்’ என்று வருவது வாய்ப் பழக்கம்.
மணவிலக்கில் வீடு எனக்கு, ஆடுகள் சகினுக்கு.
இந்தச் சாம்பல் நிற உவாஸ் மட்டும்
எந்த நீதிபதிக்கும் இரண்டாகவில்லை.
ஒற்றை வாரம் நான் ஓட்டுவேன்,
இரட்டை வாரம் அவன்.

மே கடைசியில், என் வாரத்தில்தான் நடந்தது.
மோல்டோ கணவாய், மேலிருந்து மூன்றாம் வளைவு.
இடப் பின்சக்கரம் பனிச்சேற்றில் பைத்தியமாகச் சுற்றியது.
வலச் சக்கரம் காய்ந்த கல்லின் மேல்
சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
உள்ளே பதினோரு மூட்டை மாவு,
ஒரு தையல் இயந்திரம்,
ஏரிக்கரைக் கூடாரத்தில் யாரோ ஒருத்திக்குக் கண்மருந்து.

டிஃபரன்ஷியல் நல்ல ஏற்பாடுதான்.
வளைவில் வெளிச்சக்கரத்துக்குத் தூரம் அதிகம்,
உட்சக்கரத்துக்குக் குறைவு;
இரண்டையும் அதனதன் போக்கில் விடும்.
ஒரே ஒரு கெட்ட குணம்:
கால் ஊன்றி நிற்பதை விட்டுவிட்டு
வழுக்குவதற்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும்.
அன்று இரவு முழுக்க
அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
அதை மட்டும் இல்லை.

காலையில் சகின் யாருடைய கமாஸ் லாரியிலோ வந்தான்.
“சொன்னேனே” என்று சொல்லவில்லை.
கம்பியை மாட்டினான், இழுத்தான், போனான்.

இப்போது ரோதியோன் மேசையில்
இரண்டு லாக்கர்கள், கிரீஸ் காகிதத்தில்.
“இது தானாகப் பூட்டிக்கொள்ளும், தானாக விடும்.
விலை மலிவு. வளைவில் பல்லைக் கடிக்கும், சத்தம் வரும்.
பனி ரோட்டில் சொல்லாமல் இழுக்கும்.
அது காற்றில் வேலை செய்வது. சுவிட்சை நீ தட்டணும்.
கம்ப்ரசர், குழாய், ஒட்டை வந்தால் தேடணும்.”

அதோடு முடியுமா?
பூட்டினால் மொத்த இழுப்பும்
பிடிப்புள்ள பக்கத்து ஷாஃப்ட்டில் விழும்;
பழைய ஷாஃப்ட் அதைத் தாங்காது.
கெட்டி ஷாஃப்ட் போடு. போடும்போதே
பட்டாளத்து அச்சாகவே மாற்றிவிடு என்கிறான்:
சக்கரத்தருகில் தனிப் பல்சக்கரம்,
வயிறு எட்டு சென்டிமீட்டர் உயரும்,
கல் தட்டாது.
தார்ச்சாலையில் ஊளையிடும்,
பெட்ரோல் குடிக்கும்,
உதிரிபாகம் பிஷ்கெக்கில்கூட அதிர்ஷ்டம் இருந்தால்தான்.
தாளில் கூட்டிப் பார்த்தேன்.
ஒரு குதிரையும் குட்டியும் வந்தது.

பட்டாளத்து அச்சு வேண்டாம் என்பதில்
எங்களுக்குள் சண்டையே இல்லை.
ரோதியோன் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

லாக்கரில் பிடித்துக்கொண்டது.
“தானியங்கி போதும். நீ மறப்பாய்” என்றான் சகின்.
“கெட்டித் தரையில் பூட்டோடு திரும்பினால்
எங்கேயோ ஒன்று முறியும்.”
ஒன்பது வருஷம் பூட்டோடுதான் திரும்பினோம்,
முறிந்தது எது என்று
ரோதியோன் முன்னால் கேட்கவில்லை.
“எப்போது சேரணும், எப்போது விடணும் என்று
எனக்குத் தெரியணும்” என்றேன்.
“சுவிட்ச்தான்.”

பாதிக் காசை எண்ணி வைத்தான்.
பிறகு பையைத் துழாவி இன்னும் முந்நூறு சோம்:
பூட்டியிருக்கும்வரை கத்துகிற ஒரு பஸ்ஸர்.
அது தன் செலவாம்.

நான்காம் நாள்,
பட்டறை வாசல் சாக்கடையில் வேண்டுமென்றே இறக்கினேன்.
ஒரு சக்கரம் சேற்றில், ஒன்று செங்கல்லில்.
தட்டினேன். பின்னால் ‘டக்’.
இரண்டும் ஒரே மூச்சில் புறப்பட்டன.
பஸ்ஸர் பசித்த குழந்தை போல் வீறிட்டது;
ரோதியோனின் நாய் எழுந்து வேறிடம் போய்ப் படுத்தது.

திங்கள் முதல் இரட்டை வாரம்.
பூட்டு திறந்திருக்கிறதா என்று
ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு
சாவியைச் சகின் கையில் கொடுத்தேன்.