ஓமம்

கட்டாரில் காவல் நாய்களுக்குச் சாப்பாடு வைத்த
தயாபரன் மச்சான்
பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக்
களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் கொண்டுவந்தான் குட்டியை.
இறக்கிவிட்டுச் சட்டமும் சொன்னான்:
"ஒருதரந்தான் சொல்லணும்.
ரெண்டாந்தரம் சொன்னா நாய் மதியாது."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.
பிறகு கிணற்றைப் பார்த்தான்.

எனக்கு எந்தச் சொல்தான்
ஒருதரத்தில் வந்தது?
மழை நாளில் நனைந்த வெல்டிங் குச்சி போல
தட்டித் தட்டிப்
பொறி மட்டும் பறக்கும்,
இரும்பு ஒட்டாது.

பெயர் வைக்கவே நாலு நாள்.
விதுசிகா டைகர் என்றாள், பிறகு பிரவுணி.
டானாவும் பானாவும் எனக்கு மதில்கள்.
'ஓ' மட்டும் எப்போதும் திறந்து கிடக்கிற படலை.
நிறத்தைப் பார்த்து, "ஓமம்" என்றேன்.
முழுசாக வந்துவிட்டது.
அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டது.

முதல் கிழமை வீடெல்லாம் ஈரச் சாக்கு.
என் தோல் கையுறையில் பெருவிரலைத் தின்றது.
பள்ளிச் சப்பாத்தில் இடதுகாலைத் தின்றது.
இரவு முழுக்க அழுதது.
புஸ்பராணி என் பழைய சாரத்துக்குள்
மணிக்கூட்டைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள்.
அது விடியுமட்டும்
ஒரே எழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.
குட்டி தூங்கிவிட்டது.

பட்டறை மூடிக் கல்லடிப் பாலம் தாண்டி வந்து
வறுத்த நெத்தலியை நுள்ளிக் கையில் வைத்துக்கொண்டு
குந்தினேன் அதற்கு முன்னால்.
"இ...
இ... இ..."
ஒரு காது மடிந்திருந்தது, மற்றது நிமிர்ந்திருந்தது.
கருவாட்டைப் பார்க்கவில்லை அது,
என் வாயைப் பார்த்தது.

வங்கியில், கச்சேரியில், மீன்கடையில்
என் சொல்லை எனக்காக
முடித்துத் தருவார்கள் நல்ல மனிசர்.
அநேகமாக வேறு சொல்லாக.
திரளி வாங்கப் போய்த்
திருக்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்,
காசும் கொடுத்து.

குட்டி முடித்துத் தரவில்லை.
கடற்கரைச் சவுக்குகளின் இரைச்சல்,
யாரோ மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம்,
எல்லாம் போகவிட்டு
அது காத்திருந்தது.
"...ரி."

குந்தியது.
நெத்தலி.
மறுகா.

மூன்றாம் கிழமை
முதல் 'இ'க்கே நிலத்தில் இருந்தது பின்பக்கம்.
"கி... கி..." என்றால் ஒரு வட்டம்,
'கிறுகு' வந்து சேருமுன்
இன்னொரு வட்டமும் போட்டுவிடும்.
"வி..." என்றவுடன் செருப்பை விட்டது.
உண்மையில் நான் செருப்பைச் சொல்லவில்லை.
விதுசிகாவைக் கூப்பிட்டேன்.

தயாபரன் வந்தான் பரீட்சை வைக்க.
"இரி!"
வெட்டின தகரம் மாதிரிச் சொன்னான்.
ஓமம் அவன் முகத்தையே பார்த்து நின்றது,
இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல.
"இரி! இரி!"
வாலை ஆட்டியது.
"பழக்கலியா இன்னும்?" என்றான்.
நான் பதில் சொல்லத் தொடங்கினேன்.
தேத்தண்ணி வந்தது, அவன் குடித்தான், போனான்.

போயா நாள். வேலையில்லை.
சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு திரும்பி வந்தால்
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு குரல்.
பெற்றோர் கூட்டத்துக்குத்
தாயை மட்டும் கூட்டிப்போகிற விதுசிகா,
சோற்றுக் கோப்பையைத் தலைக்குமேல் பிடித்தபடி
"இ... இ... இரி" என்கிறாள்.
ஓமம் குந்தியிருக்கிறது.

என்னைக் கண்டதும் காதுவரை சிவந்துவிட்டாள்.
"பகிடி பண்ணல்லப்பா.
வேற மாதிரிச் சொன்னா
அது கேக்குதில்ல."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.
எல்லாம் தொண்டைக்குள்
பஸ் தரிப்பிடம் போல முட்டிக்கொண்டு நின்றது.
அவள் முடித்துத் தரவில்லை.
கோப்பையை இறக்கவுமில்லை.
இருவரும் என் வாயைப் பார்த்திருந்தார்கள்,
அவளும் நாயும்.

"ம... மறுகா," என்றேன்.
"மூ... மூணு இ."