பதினான்கு நாளுக்கான கூடாரம்

பதினான்கு நாளுக்கு என்றுதான் அனுப்பினார்கள்.
ஒரு பை, இரண்டு சீருடை,
தங்கையிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கையுறை.
ஆல்பரிக்கும் வொடொங்காவுக்கும் நடுவே
ஆற்றைத் தாண்டும் சாலையில் ஒரு வெள்ளைக் கூடாரம்.
அதன் கால்களை மண்ணில் அறையக்கூட இல்லை,
நீர் நிரப்பிய பீப்பாய்களில் கட்டியிருந்தார்கள்,
நாளைக்கே கழற்றிவிடலாம் என்பதுபோல.

ஐந்தாம் வாரம் மரத்தளம் வந்தது.
ஏழாம் வாரம் மின்கம்பி.
பிறகு ஒரு காப்பி இயந்திரம்.
அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.
எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.
தற்காலிகம் எப்படி வேர்விடும் என்று
சின்ன வயதில் பார்த்தவன் நான்.

இங்கே ஒரு வேடிக்கை:
ஆறு முழுவதும் வடக்கு மாநிலத்துக்குச் சொந்தம்.
கோடு ஓடுவது நடு ஆற்றில் அல்ல,
தென்கரையின் விளிம்பில்.
டெஸ் என்றொருவர்
இடுப்பளவு நீரில் தூண்டிலோடு நின்று
"நான் இப்போது குற்றவாளியா, கான்ஸ்டபிள்?" என்று கத்துவார்.
மீன்களிடம் சீட்டு இருக்கிறதா பாருங்கள் என்பேன்.
சிரிக்க முடிந்த நாட்கள் அவை.

காலை எட்டுப் பத்துக்குப் பச்சைக் காரில் வருவார்
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஹாலோரன்.
கண்ணாடியை இறக்கி
அரசியலமைப்பின் தொண்ணூற்றிரண்டாம் பிரிவை வாசிப்பார்.
மாநிலங்களுக்கிடையே போக்குவரத்து
முற்றிலும் சுதந்திரமானது.
'முற்றிலும்' மட்டும் இரண்டு தடவை.
வாசித்து முடித்து
அனுமதிச் சீட்டை நீட்டுவார்.
ஒரு கையில் உரிமை, மறு கையில் அனுமதி.
இரண்டும் அதே கடைத் தாள்.

"மெல்பர்னில் முதியோர் இல்லத்தில் எனக்கு ஓர் அக்கா இருந்தாள்.
உங்கள் கூடாரம் வேண்டும்தான்," என்றார் ஒருநாள்.
"ஆனால் எனக்கு அது பழகிவிடக் கூடாது.
அதற்குத்தான் வாசிக்கிறேன்."
பின்னால் லாரி ஒலியெழுப்பியது.
போகலாம் என்று கையசைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி.
புல்லில் பனி உறைந்து வெளுத்திருந்த விடிகாலை.
என் மார்பில் இருந்த பெயரைப் படித்துவிட்டு ஒருவர்
"தம்பி, தமிழோ?" என்றார்.
ஜெயரூபன். இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை.
மனைவி ஆல்பரியில், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக
அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.
அவருடைய வீடு
எல்லை வட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வெளியே.
இரண்டே இரண்டு.

தமிழில் 'முடியாது' என்று சொல்ல
எனக்கு அதுவரை வேலை வந்ததில்லை.
அந்தச் சொல் அவ்வளவு நீளம் என்று தெரியாது.

அவர் வாதாடவில்லை.
முன் இருக்கையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.
"இதை விட்டுட்டுப் போயிட்டா.
வாசிக்காமல் அவளுக்கு நித்திரை வராது."
கண்ணாடிக்கு அனுமதி தேவையில்லை.
பணி முடிந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

ஓமந்தையில் என் அம்மாவின் பையைத் திறந்த சிப்பாயின்
முகம் நினைவில்லை. கை நினைவிருக்கிறது.
நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.
எல்லாவற்றையும் கிளறிவிட்டு
முடிச்சை மட்டும் ஒழுங்காகத் திரும்பப் போட்டான்.
அது வேறு, இது வேறு.
அது போர், இது காய்ச்சல்.
ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். உண்மைதான்.
ஆனாலும் அந்த வாரம் முழுக்க
கையுறையைக் கழற்றாமல் சாப்பிட்டேன்.

நவம்பரில் கழற்றினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
புல்லில் ஒரு மஞ்சள் சதுரம், அவ்வளவுதான்.
மறுநாள் சீருடையில்லாமல்
வொடொங்காவில் பாண் வாங்கித் திரும்புகிறேன்.
தடுப்பு இல்லை, ஆளில்லை, ஒரு கூம்புகூட இல்லை.
எனக்கு முன்னால் போகும் கார்கள் எல்லாம்
அந்த இடத்தில் மட்டும் மெதுவாகின்றன.
பச்சைக் காரும்.

என் கால் பிரேக்கில்.
கை, சட்டைப் பையில்
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறது.