ஓட்டை பார்க்கிறவள்

பன்னிரண்டு மணி நேரம்
ஓட்டை பார்ப்பது என் வேலை.
கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக்
கம்பியில் தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பேன்.
விரல் நுனியில் ஒரு துளி அரும்பினாலும்
குறித்து வைப்பேன்.
குறி கூடினால் மொத்தமும் திரும்பிப் போகும்.

சம்பளம் போட்ட ஏழாம் தேதி,
இரவு வேலை முடிந்து தூங்காத கண்ணோடு
கோலக்கெட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே
மிஸஸ் சியூவின் குழந்தைக் கடையில் நிற்கிறேன்.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி
வெயிலில் உறுமுகிறது.
உள்ளே குளிர்.
சுவர் முழுக்கப் புட்டிகள், கிண்ணங்கள்.
சந்தனம், சாம்பல் பச்சை, விடியற்கால ரோஜா.
எந்த நிறமும் சத்தம் போடவில்லை.

நிலாஷினிக்கு நாளையோடு ஆறு மாதம்.
கிளினிக் நர்ஸ் அட்டையில்
சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டார்:
கூழ் தொடங்கலாம்.

சப்பியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன்,
பழக்க தோஷம்.
இங்கே ஓட்டை இருக்க வேண்டும்.
ஒன்றே ஒன்று, சுத்தமாக, அவள் வயதின் அளவுக்கு.
பெரிதானால் புரையேறும்.
சிறிதானால் உறிஞ்சி உறிஞ்சியே களைத்துப்போவாள்.
ஓட்டையைத் தள்ளித் தள்ளிச் சம்பாதித்ததை
ஓட்டைக்கே கொடுக்கப் போகிறேன்.
தனியாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
மிஸஸ் சியூ நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல சாமான் லா, தங்கச்சி.
கொதி தண்ணி போட்டாலும் ஒண்ணும் ஆகாது.
பெட்டியிலயே எழுதியிருக்கு."
பெட்டியில் எழுதுகிறவர்களோடுதான்
நான் தினமும் பசியாறுகிறேன்.
கிண்ணத்தின் விளிம்பைக் கிள்ளி முறுக்கினேன்.
வெளுத்தால் கலப்பு என்பாள்
மூன்று பிள்ளை பெற்ற ஹஸ்லீனா.
வெளுக்கவில்லை.
மோந்து பார்த்தேன்.
ரப்பர் வாடையை இருட்டிலும் பிடிக்கும் மூக்கு இது.
கழுவிய கண்ணாடி போல வாடையே இல்லை.

"பசார் மாலாம்ல ஆறு வெள்ளிக்கு செட்டே கிடைக்குது"
என்பார் வீட்டில்.
நாத்தனார் வாங்கித் தந்த அந்த செட்
அலமாரி மேல்தான் கிடக்கிறது.
இரண்டாம் கழுவலில் முயல் உரிந்தது.
ஒரு காது என் நகத்தில் ஒட்டியிருந்தது.
இன்னொரு காது எங்கே போயிருக்கும் என்று
அன்றிரவு முழுக்கக்
கையுறைகளுக்கு நடுவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
பாதுகாப்புக்காக மட்டும் எடுக்கவில்லை.
அந்த ரோஜா நிறம்.
என் சீருடை நீலம், முகக்கவசம் நீலம்,
வாரம் ஆறு நாள் கைக்கு வருவதெல்லாம் நீலம்.
தலைமுடியைக்கூட வலைக்குள் அடைத்துவைத்தவள்
ஒரு கரண்டியாவது
அழகுக்காக வாங்கக் கூடாதா?

எழுபத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
கிண்ணம், கரண்டி, இரண்டு சப்பி,
முன்னால் பை வைத்த மார்த்துணி.
புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
பழையது நன்றாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை
கிண்ணத்தை மேசையில் அழுத்தினேன்.
தோட்ட வீட்டுப் பலகை மேசை;
அடியில் இருக்கும் உறிஞ்சிக்கு வழுவழுப்பு வேண்டுமாம்.
ஒட்டவில்லை. நாற்காலியிலும் ஒட்டவில்லை.
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியது.
குணாளனின் ஹெல்மெட்டில் பிடித்த பிடி விடவில்லை.
"போட்டுக்கிட்டே குனியறேன், ஊட்டு"
என்று சிரித்துச் சிரித்து இருமினார்.
கடைசியில் குசினி மூலையில்
போன தீபாவளிக்கு அவர் பதித்த
நான்கே நான்கு டைல்ஸ்.
அங்கே தரையில் உட்கார்ந்தோம் மூவரும்.

முதல் வாய், பரங்கிக்காய்.
வாயைத் திறந்தாள். யோசித்தாள்.
எங்கள் மேனேஜர் போலவே முகத்தைச் சுளித்து
மொத்தத்தையும் திருப்பி அனுப்பினாள்.
மார்த்துணியின் பை
அப்படியே வாங்கிக்கொண்டது.

இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்.
ஒழுகவில்லை.